பொத்தானைப் பிடித்திருந்த வரி

ஓர் இணையப் பக்கத்தின் நிரலுக்குள் முட்டு என்றொரு வரி இருந்தது. பழைய பிரவுசர் ஒன்றின் கோளாறால் ‘அனுப்பு’ பொத்தான் இடப்பக்கம் சரிந்துகொண்டிருந்த காலத்தில், அதை வலப்பக்கம் தள்ளிப் பிடிப்பதற்கென்றே எழுதப்பட்ட வரி. “இந்தப் பக்கமே நம்மாலதான் நிக்குது” என்று அது பீற்றிக்கொள்ளாத நாளில்லை. பக்கத்து வரியான செல்லியைத் தண்டச்சோறு என்று எல்லார் முன்னாலும் கேலி பேசும்.

ஒருநாள் சோதனை விதி வந்தது. கோளாறு தீர்ந்த பிறகும் ஒட்டிக்கொண்டிருக்கும் தற்காலிக வரிகளைக் கண்டுபிடித்து நீக்கச் சொல்வது அதன் வேலை.

“பெரியவரே, உங்க கோளாறு எப்பவோ சரியாயிடுச்சு. கிளம்பலாம்.”

“அப்படின்னா பொத்தான் ஏன் இன்னும் என் கையை அழுத்துது?” முட்டு விடவில்லை. “நான் என்ன சும்மாவா தள்ளிக்கிட்டு நிக்கிறேன்?”

செல்லி தயங்கித் தயங்கி வாயைத் திறந்தது.

“அது நான்தான் அண்ணே. கோளாறு போனதும், நீங்க தள்ளுறதாலயே பொத்தான் கோணிப்போச்சு. திருப்பித் தள்ளத்தான் என்னைச் சேர்த்தாங்க. உங்ககிட்ட எப்படிச் சொல்றது?”

முட்டுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

“நான் போனா நீயும் போகணுமே” என்றது மெதுவாக.

“எனக்கு இருந்த வேலையே நீங்கதானே அண்ணே.”

முட்டு கையை எடுத்தது. கூடவே செல்லியும் எடுத்தது. பொத்தான் இம்மியும் அசையாமல் நேராக நின்றது. அதைப் பார்க்கத்தான் முட்டுக்குக் கண் கூசியது.