மூன்று கட்டை மேலே

"உறுமலை எடுக்க வேணாம்க்கா. அது எங்கேருந்து வருதுன்னு மட்டும் சொல்லுங்க, போதும்" என்றார் தோகாவா.

என் மேசைமேல் அவர் வைத்தது ஒரு வால்வு மைக்கும் அதன் பவர் சப்ளை பெட்டியும். செய்தவள் அவருடைய மனைவி இகுமி. டோக்கியோவின் அகிஹபாராவில் ரயில் பாலத்துக்கு அடியில் இருக்கும் என் கடையில்தான் சாமான்கள் வாங்கினாள்.

ஒரே மாதிரி இரண்டு செய்திருந்தாள். போன மாதம் ஒன்றை எடுத்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போய்விட்டாள்.

தோகாவா பியானோவுக்குச் சுதி சேர்ப்பவர். பியானோ மூடியை அவள் கைமேல் இறக்கியவரும் அவர்தான். அவளுக்கு இரண்டு விரல்கள் இன்னும் மடங்குவதில்லை.

அவளைக் கண்டுபிடித்தால் அடுத்து என்ன செய்வார் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

"அவ அம்மாவுக்கு அனுப்பியிருக்கா" என்று கைப்பேசியில் ஒரு பதிவை ஓடவிட்டார்.

இகுமியின் குரல். நன்றாக இருக்கிறேன், தேட வேண்டாம். குரலுக்கு அடியில் மெல்லிய உறுமல்.

அவராகவே காதால் கண்டுபிடிக்கட்டும்; நான் எதையும் சொல்வதாக இல்லை.

பெட்டியைத் திறந்தேன். மைக்கின் வால்வை மாற்றினேன். எர்த் கம்பியைக் கழற்றி மறுபடி பற்றவைத்தேன். உறுமல் போகவில்லை. உறுமலை அடக்கும் கண்டென்சரை மட்டும் நான் தொடவில்லை.

"ஏன் என்னை நிமிர்ந்தே பாக்க மாட்டேங்குறீங்க? நான் என்ன, கடிச்சா வைக்கப் போறேன்?" சிரித்தார்.

தலைக்கு மேலே ரயில் போனது. தட்டில் இருந்த கண்ணாடி வால்வுகள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன. அவர் ஒரு விரலை வைத்து அவற்றை அடக்கினார்.

ரயில் போனதும், மைக்கின் உறுமலோடு சேர்ந்து மெல்ல முனகினார். கைப்பேசியில் பதிவை ஓடவிட்டு அதோடும் முனகினார்.

"பியானோவுல கருப்பு வெள்ளை ரெண்டையும் எண்ணினா, இது மூணு கட்டை மேல இருக்கு."

நான் திருப்புளியைக் கீழே வைத்தேன்.

"ரெண்டும் ஒரே மாதிரி மைக், ஒரே மாதிரி பெட்டி. அப்போ கரண்டுதான் வேற."

டோக்கியோவில் கரண்ட் நொடிக்கு ஐம்பது முறை துடிக்கும். ஃபுஜி நதியைத் தாண்டி மேற்கே போனால் அறுபது; துடிப்பு கூடினால் உறுமலின் சுதியும் ஏறும். இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த விஷயம்.

"ஒசாகா. அவ சிநேகிதி ஒருத்தி அங்கதான் இருக்கா. இல்லையாக்கா?"

"எனக்கெப்படித் தெரியும்?" கண்களைத் தாழ்த்திக்கொண்டேன்.

அவர் கைப்பேசியைக் காதோடு வைத்து, இகுமி பேசியதைக் கடைசிவரை இன்னொரு முறை கேட்டார். பிறகு குனிந்து வணங்கினார்.

"மைக் இங்கேயே இருக்கட்டும். வந்து வாங்கிக்குறேன்."

கூட்டத்தில் அவர் தலை மறைந்ததும் கடைக்குப் பின்னால் இருக்கும் சரக்கறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே இகுமி உட்கார்ந்திருந்தாள். அவள் காலடியில், நாங்கள் இருவரும் சேர்ந்து செய்த இன்னொரு பெட்டி. ஐம்பதை அறுபதாக மாற்றித் தருவது.

"நம்பிட்டாராக்கா?"

"ஒசாகான்னு அவர் வாயாலயே சொல்லிட்டார்டி."

இங்கே வந்த பிறகு முதல் முறையாக அவள் சிரித்தாள். எங்கள் கைவேலையை இன்னொரு முறை கேட்க ஆசைப்பட்டு, தன் கைப்பேசியில் அதை ஓடவிட்டாள்.

நன்றாக இருக்கிறேன். தேட வேண்டாம். உடம்பைப் பார்த்துக்கொள், அம்மா.

பேச்சு முடிந்து, பதிவு நிற்பதற்கு முன் ஒரு மூச்சு நேரம். அதில் ஏதோ கேட்டது. கைப்பேசியைக் காதோடு வைத்துக் கேட்டேன்.

கண்ணாடி உரசும் சத்தம். மிக மெல்லிய கிணுகிணுப்பு.

ரயில் வருவதற்குள் நிறுத்திவிட்டோம் என்றுதான் நினைத்திருந்தோம். மைக் கதவைத் தாண்டியும் கேட்டிருக்கிறது.

இகுமி என் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு அணைந்தது.

தலைக்கு மேலே அடுத்த ரயில் வந்தது. கதவுக்கு அந்தப் பக்கம், கடையில், வால்வுகள் கிணுகிணுக்கத் தொடங்கின.

ரயில் இன்னும் போய் முடியவில்லை.

வால்வுகள் சட்டென்று நின்றன.