தீப்பெட்டியில் வந்த உண்ணி

பாம்பு கடித்தால், கடித்த பாம்பையும் அடித்து ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போவார்கள் அந்த மலையில். காய்ச்சலில் மூக்கிலிருந்து ரத்தம் கசிந்த கணவனோடு மாதி கொண்டுவந்தது, அவன் அக்குளைக் கடித்திருந்த உண்ணியை, உயிரோடு, தீப்பெட்டியில். டெங்கு என்றே நினைத்திருந்த வார்டில் எல்லோரும் சிரித்தார்கள். ரத்தம் எடுக்க வந்த லேப் டெக்னீசியன் ஷைனி மட்டும் சிரிக்காமல் பெட்டியையும் வாங்கிப்போனாள். வந்திருப்பது உண்ணி கடித்துப் பரவும் குரங்குக் காய்ச்சல் என்று மறுநாள் தெரிந்தது.

கணவன் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்த காலையில், மாதி லேப் வாசலுக்குப் போனாள்.

“உங்க உண்ணிதாம்மா காட்டிக்குடுத்துச்சு,” என்றாள் ஷைனி.

“அது இருக்குதா?”

“இல்லைம்மா. அரைச்சுத்தானே பாக்கணும்.”

ஆயுசெல்லாம் உண்ணி நசுக்கிய தன் கட்டைவிரல் நகத்தை மாதி பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அந்த வாசலைப் பார்த்துக் கைகூப்பினாள்.