கொடும்பாவியின் சட்டை

கம்மங்கூழுக்கு வெங்காயத்தைக் கடித்துக்கொண்டே அண்ணன் வெள்ளைத்துரை, சனிக் கிரகத்தின் சந்திரன் ஒன்றில் மேகம் கூடுவதைப் பற்றிச் சொன்னான்.

அங்கே எந்நேரமும் ஆரஞ்சு நிறப் புகைமூட்டமாம். மேகம் தண்ணீரால் ஆனதில்லையாம். சாண எரிவாயுவில் இருக்கும் மீத்தேனாம்.

ஆவி மட்டும் இருந்தால் போதாது, அது ஒட்டிக்கொள்ள ஒரு தூசி வேண்டும் என்றான். மூட்டத்தின் பொடி மெல்லக் கீழே இறங்கும்போது, குளிரில் ஆவி அதைப் பற்றிக்கொண்டு மேகமாகும் என்பது அவன் கணக்கு.

நாகமலை புதுக்கோட்டைப் பல்கலைக்கழகத்தில் அவனுக்கு அதுதான் ஆராய்ச்சி.

அது எண்பத்து மூன்றாம் வருஷக் கோடை. அலங்காநல்லூர்ப் பக்கம் எங்கள் ஊர்க் கிணறுகளில் பாறை தெரிந்தது. மகன் என்ன படிக்கிறான் என்று யாராவது கேட்டால், வாத்தியார் வேலைக்கு என்பார் அப்பா. வேறு சொல்ல அவருக்குக் கூச்சம்.

அன்று மழை வேண்டிக் கொடும்பாவி இழுத்தார்கள். ஊர்ப் பாவத்தையெல்லாம் சுமத்தி வைக்கோலில் ஓர் ஆளைக் கட்டித் தெருத்தெருவாக இழுப்பார்கள். பெண்கள் மாரடித்து அழுவோம். கடைசியில் பிணம் போலவே எரிப்பார்கள்.

ஊர் மந்தைத் திடலில் செல்லக்கிளி மதினி அண்ணனை மறித்தாள்.

"என்ன கொழுந்தனாரே, ஒங்க சந்திரன்ல பெய்யுற மழையில ஒரு மரக்கா இங்கிட்டுத் திருப்பி விடக்கூடாதா?"

ஊரே சிரித்தது. அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அப்போது கொடும்பாவி திரும்பி வந்தது. அதன் மேல் நீலக்கோடு போட்ட சட்டை. அண்ணனுடையது.

வீட்டிலிருந்து அதை எடுத்துக் கொடுத்தவர் அப்பா. மகனைக் கேலி பேசும் ஊர்வாய் அதோடு அடங்கும் என்று நினைத்திருப்பார்.

அழுதுகொண்டிருந்த பெண்களில் நானும் ஒருத்தி. அண்ணன் முகத்தைப் பார்க்க முடியாமல் இன்னும் உரக்க அழுதேன்.

தீ வைத்தார்கள். சட்டைதான் முதலில் பற்றியது.

அண்ணன் என் பக்கத்தில் வந்து நின்று புகையை அண்ணாந்து பார்த்தான்.

"ஏ அழகு, எரியட்டும். மேகம் ஒட்டுறதுக்கும் எதாச்சும் வேணும்ல."

அப்பாவிடம் போயிட்டு வாரேன் என்றான். அவர் திரும்பவில்லை.

பரவைக்கு அருகே அவன் போன பஸ் லாரியில் மோதியது.

மறுநாள் சுடுகாட்டில் வானம் வெளுத்தே கிடந்தது. கல்யாணமாகாதவன் என்பதால் கொள்ளிக்கட்டையை அப்பாவிடம் நீட்டினார்கள். அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"எம்புள்ளைக்கு நான் நேத்தே வச்சுட்டேன்யா."