எந்த வரி கெட்ட வரி?

சிரிப்பு வரும், கட்டாயம் வரும். ஆனால் இது ஆமையின் கதை என்பதால் கொஞ்சம் மெதுவாகத்தான் வரும்.

காட்டுப் பள்ளியில் ஆமைதான் நூலகர். 'வாத்தியாருக்கு வால் முளைத்தது' என்ற புத்தகத்துக்குத் தலைமை ஆசிரியர் யானையார் தடை போட்டிருந்தார். அதில் ஒரு வரி பிள்ளைகள் காதில் விழுந்தாலும் ஆமைக்கு வேலை போய்விடும். அதனால் ஆமை அந்தப் புத்தகத்தின் மேலேயே உட்கார்ந்திருந்தது.

ஜன்னலுக்கு வெளியே யானையாரின் குரல் கேட்டது.

"யோவ் ஆமை! தடை போட்டுட்டேன், சரி. உள்ளே என்னதான்யா இருக்கு? வாசி, கேட்போம்."

ஆமை பவ்வியமாக வாசித்தது.

"சத்தமாய்யா! எனக்குக் காதுதான் பெரிசு, கேக்குறது கம்மி."

ஆமை தொண்டை கிழிய வாசித்தது. வாத்தியார் வாலைச் சுருட்டி வேட்டிக்குள் ஒளிக்கும் இடத்தில் அதற்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"ஐயோ, அப்புறம் என்னாச்சு சார்?"

"அப்புறமா? வால் மெதுவா வெளிய வந்து, சாக்பீஸை எடுத்து..."

ஆமை சட்டென்று நிறுத்தியது. தலைமை ஆசிரியர் என்றைக்குத் தன்னை 'சார்' என்று கூப்பிட்டார்?

கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தது. ஜன்னலடியில் மொத்த வகுப்பும் உட்கார்ந்திருந்தது. முன்வரிசையில், எல்லார் குரலிலும் பேசும் மைனா சிறகால் அலகைப் பொத்திக்கொண்டிருந்தது.

"அடியேய், நீதானா!"