கட்டைவிரலுக்கு அடியில்

கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு என் மனைவி பதிவேட்டைப் புரட்டினாள்.

மணி நாலு இருபது. நாலரைக்கு ஆவண அறையைப் பூட்டிவிடுவார்கள். எழுத்தர் இப்போதே சாவிக்கொத்தோடு எழுந்து நின்றுவிட்டார். மனுஷருக்கு வீட்டில் என்ன தலைபோகிற காரியமோ.

எங்களுக்கு நிஜமாகவே தலைபோகிற காரியம். ஐந்து மணிக்குள் ஒப்புதல் படிவம் மருத்துவமனைக்குப் போனால்தான் திங்கட்கிழமை அறுவை சிகிச்சை. கையெழுத்துப் போட வேண்டிய இவளோ பத்து நாளாக ஒற்றைக்காலில் நிற்கிறாள், மாட்டேன் என்று.

அவளுக்கு முப்பத்தெட்டு வயது. மார்பில் கட்டி. அவள் அம்மா முப்பத்தேழில் போனாள், பாட்டி முப்பத்தாறில், கொள்ளுப்பாட்டி முப்பத்தெட்டில். எல்லோருக்கும் இதே கட்டி.

எப்படியும் போகத்தான் போகிறேன், இருக்கிற நாளை ஆஸ்பத்திரியில் கழிக்க மாட்டேன் என்றாள். கெஞ்சினேன், கத்தினேன், பட்டினி கிடந்தேன். மசியவில்லை. கடைசியில்தான் ஒரு நிபந்தனை போட்டாள். கொள்ளுப்பாட்டியைப் பெற்றவளாவது நாற்பதைத் தாண்டியிருந்தால் கையெழுத்துப் போடுகிறாளாம்.

பெற்றவளின் பெயர் யாருக்கும் தெரியவில்லை. அவள் கணவரின் பெயரும் தெருவும்தான் கிடைத்தன. அந்தக் காலத்தில் பெண்டாட்டி பெயரை எவன் ஞாபகம் வைத்தான்!

பதிவேட்டில் வீட்டுக்கு ஒரு பக்கம்; பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாம் அதிலேயே. தெருவைப் பிடித்து, வீட்டைப் பிடித்து, அந்தப் பெயரில் விரலை வைத்தாள். அடுத்த வரியில் மனைவி. பிறப்பு 1869. இறப்பு 1945.

எழுபத்தாறு வயது!

இடம் பொருள் பார்க்காமல் அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்புறம்தான் நடுவில் இருந்த கட்டத்தைக் கவனித்தேன். திருமணம் 1897. கீழே மகள், கொள்ளுப்பாட்டியேதான். பிறப்பு 1894.

இவள் இரண்டாம் தாரம். பெற்றவள் அதற்கு முன்பே, இந்தப் பதிவேட்டில் ஏறாமலே, போய்ச் சேர்ந்திருக்கிறாள்.

கட்டைவிரலை 1897-இன் மேல் வைத்து அழுத்தினேன். வாய் மட்டும் எழுபத்தாறு, எழுபத்தாறு என்று கிளிப்பிள்ளை மாதிரி சொல்லிக்கொண்டே இருந்தது.

எழுத்தர் வந்து பதிவேட்டை வாங்கி மூடினார். என் உயிர் திரும்பி வந்தது.

அவள் எழுந்தாள். படிக்கட்டில் பாதி இறங்கியதும் நின்று, படிவத்தை எடுத்துக் கைப்பிடிச் சுவரின் மேல் விரித்தாள். அவளை ஏமாற்றிவிட்டோமே என்று உறுத்தியது. பரவாயில்லை, உயிரோடு இருந்து திட்டட்டும்.

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"நீங்க விரலை வைக்கிறதுக்கு முன்னாடியே பார்த்துட்டேங்க. அந்தம்மா வரும்போது குழந்தைக்கு மூணு வயசு. நம்ம பாப்பாவுக்கும் வர்ற மாசம் மூணு முடியுது. அவளை இன்னொருத்தி வளர்க்க வேணாம். பேனா கொடுங்க."