எங்கே பார்க்கிறான்?

கல்யாணமாகிப் பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. தென்காசியிலிருந்து அந்தமானுக்குத் தேனிலவு வந்த முத்துச்செல்வி, கடலுக்குள் மீனைப் பார்க்காமல் புருஷன் சொரிமுத்துவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

படகில் வந்த எல்லோரும் முகமூடியும் மூச்சுக்குழாயுமாகக் குப்புற மிதந்தார்கள். அவன் மட்டும் தலையைத் தூக்கி, மிதந்த பெண்களை ஒருத்தி விடாமல் பார்ப்பதாக அவளுக்குப் பட்டது. உதடு வேறு முணுமுணுத்தது.

"அங்கன என்ன பாக்கிய?"

"ஒண்ணுமில்ல. நீ மீனப் பாரு."

சொல்லிவிட்டு, சிவப்பு நீச்சலுடைக்காரி பக்கம் திரும்பினான்.

இன்று கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டியதுதான். முத்துச்செல்வி சத்தமில்லாமல் படகுக்குப் பின்னால் ஒதுங்கி எட்டிப் பார்த்தாள்.

"கைடு! ஒரு ஆளு குறையுது!" அலறியபடி சொரிமுத்து தண்ணீருக்குள் முங்கினான். எழுந்தான், மறுபடி முங்கினான்.

அவள் பதறிப்போனாள். "ஏங்க, நான் இங்கன இருக்கேன்!"

நீந்தி வந்து அவள் கையைப் பிடித்தான்.

"இத்தன நேரம் எண்ணிக்கிட்டா இருந்திய?"

"குத்தாலத்துல சீசன் பூரா அருவி டூட்டி பாக்குத போலீஸ்காரன்டி நான். தண்ணியில ஆளக் கண்டா எண்ணாம இருக்க முடியல."

பிடித்த கையை விடாமலே மறுபடியும் முணுமுணுத்தான். இந்தத் தடவை அவளுக்குக் கேட்டது. அவளைப் பார்த்துத்தான் ஆரம்பித்தான்.

"ஒண்ணு..."