புனிதாவின் பன்னிரண்டு பாட்டில்கள்

“புனிதா, அந்த என்ஸைம் இன்னொரு பாட்டில் கிடைக்குமா? ஒரு மாசமா அடைச்சிக்கிட்டிருந்த சிங்க் இப்ப தண்ணிய மடமடன்னு குடிக்குது லா!”

கேட்டுக்கு வெளியே நின்று கனகேஸ்வரி ஆன்டி குரல் கொடுத்ததும், கூடத்தில் உட்கார்ந்து வேலைக்குப் போகச் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்த விமலனுக்குக் கை நின்றுவிட்டது.

“தாராளமா எடுத்துட்டுப் போங்க ஆன்டி. எல்லாம் பழத்தோலோட மகிமை” என்று புனிதா ஒரு பாட்டிலை நீட்டினாள்.

நான்கு மாதத்துக்கு முன் கிள்ளானில் நடந்த ஒரு பட்டறைக்குப் போய்வந்ததிலிருந்து விமலனின் மனைவி குப்பைத் தொட்டிக்குப் பரம எதிரியாகிவிட்டாள். பப்பாளித் தோலோ அன்னாசித் தோலோ எதையும் வீசக் கூடாது. காலி பாட்டிலில் போட்டு, பழுப்புச் சீனியும் தண்ணீரும் சேர்த்து மூன்று மாதம் ஊறவிட்டால் அதுதான் என்ஸைம். தரை துடைக்கலாம், பாத்திரம் தேய்க்கலாம், அடைத்த குழாயில் ஊற்றலாம். பன்னிரண்டு பாட்டில்கள் சமையலறைச் சுவரோரம் வரிசை கட்டி நின்றன. தாமான் குடியிருப்பு முழுக்கத் தம்பட்டமும் அடித்தாயிற்று.

இரண்டாவது வாரம் விமலன் அதே சமையலறையில் ரசம் சோறு பிசைந்துகொண்டிருந்தபோது ‘டமார்’ என்று ஒரு சத்தம். பாட்டில் மூடி ஒன்று மேலே சுழன்ற காற்றாடியில் பட்டுத் தெறித்தது. கூரைக்குப் போன பப்பாளித் தோல் நிதானமாகத் திரும்பி வந்து அவன் தட்டில் விழுந்தது.

“கேஸ் சேர்ந்திருக்கும். தினமும் மூடியைத் தொறந்து விடணும், மறந்துட்டேன்” என்றாள் புனிதா, ஏதோ பால் பொங்கிவிட்டதைப் போல.

மேருவில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன் விமலன். இரண்டு டன் சரக்கைத் தலைக்கு மேலே தூக்கி நிறுத்த அஞ்சாதவன், மிச்சமிருந்த பதினொரு பாட்டில்களைப் பார்த்து அஞ்சினான். தண்ணீர் குடிக்கக்கூடச் சமையலறைக்குள் பக்கவாட்டில் நடந்து போனான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை புனிதா கோயிலுக்குக் கிளம்பியதும் மோட்டார் ஹெல்மெட்டை மாட்டினான்; மூக்கைத் துண்டால் இறுகக் கட்டினான். பதினொன்றையும் ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்ப் பின்பக்க லோங்காங் சாக்கடையில் கொட்டினான். வெறும் பாட்டிலை வைத்தால் மாட்டிக்கொள்வோமே! பெரிய பானையில், பாலோ சீனியோ போடாமல், தே ஓ தேத்தண்ணி காய்ச்சி ஆற வைத்தான். ஊற்றினான். பாட்டிலுக்கு நான்கு ஆரஞ்சுத் தோல் என்று கணக்காகப் போட்டு மூடினான். நிறம் அச்சு அசல். நாளாக நாளாக அதற்கும் ஒரு நாற்றம் வந்து சேர்ந்தது. அதுவும் நல்லதுக்கே என்று நினைத்துக்கொண்டான்.

ஆனால் மூன்று மாதம் முடிந்து பாட்டில்கள் வீடு வீடாகப் போனபோதுதான் கூத்து ஆரம்பமானது. ஒரு வீட்டில் தரை கண்ணாடி மாதிரி ஆகிவிட்டதாம். இன்னொரு வீட்டில் பட்டுப்போன கறிவேப்பிலை துளிர்த்துவிட்டதாம். விமலன் எல்லாவற்றுக்கும் தலையாட்டிச் சிரித்து வைத்தான்.

இப்போது ஆன்டிக்குப் பின்னாலேயே அவர் கணவர் சண்முகரத்தினமும் வந்து நின்றார். ஓய்வு பெற்ற சுகாதார அதிகாரி. தாமான் சங்கத் தலைவரும் அவர்தான்.

“இந்த பாட்டில் வீட்டுக்கு இல்ல தம்பி. எங்க மக தாரா லேப்புல வேலை செய்யுறால்ல? இதுல என்னென்ன இருக்குன்னு டெஸ்ட் பண்ணித் தரச் சொல்லியிருக்கேன். சனிக்கிழமை மண்டபத்துல புனிதாவுக்கு மாலை போட்டு, அந்த ரிப்போர்ட்டை மைக்குல வாசிக்கப் போறோம்!”

புனிதா ஆன்டியின் கையிலிருந்த பாட்டிலையே பார்த்தாள். கண்கூடக் கலங்கிவிட்டது. வாழ்க்கையில் முதல் மாலை. பெருமை தாங்கவில்லை போலும் என்று எண்ணிய விமலன், மாட்டிய சப்பாத்தைக் கழற்றினான். மைக்கில் ‘தேயிலை’ என்று வாசித்தால் அவள் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வாள்?

பெரியவர்கள் இருவரும் தெரு முனையைத் தாண்டியதும் கதவைச் சாத்தினான்.

“புனிதா, உக்காரு. ஒண்ணு சொல்லணும். அந்த பாட்டில்ல இருக்கிறது என்ஸைம் இல்ல.”

புனிதாவின் முகம் வெளுத்தது. “யாரு... யாரு உங்களுக்குச் சொன்னது?”

“யாரு சொல்லணும்? செஞ்சதே நான்தான். உயிர் பயம் புனிதா! நீ கோயிலுக்குப் போனப்ப பதினொண்ணையும் கொட்டிட்டேன். இப்ப உள்ள இருக்கிறது வெறும் தே ஓ. என்னை அடிச்சாலும் சரி, சனிக்கிழமை நீ அந்த மண்டபத்துக்குப் போகாத.”

அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவனையே பார்த்தாள்.

“பதினொண்ணையுமா?”

“பதினொண்ணையும்.”

“கொட்டும்போது மோந்துகூட பார்க்கலையா?”

“மூக்கைத்தான் கட்டியிருந்தேனே!”

புனிதா படாரென்று தலையில் அடித்துக்கொண்டாள்.

“அட மனுஷா! ஒண்ணு வெடிச்ச மறுநாளே பயந்துபோய் எல்லாத்தையும் நானே கொட்டிட்டேன். நீங்க லோங்காங்குல ஊத்தினது நான் காய்ச்சி வச்ச தே ஓ! ஒரு பானை நல்ல தேத்தண்ணியை இப்படியா வீணாக்குவாங்க?”